புஷ்பவள்ளியின் காந்தம்

மலேசியாவின் ஜொகூரில், உலு திராமைத் தாண்டி செம்பனைத் தோட்டத்துக்குள் நுழையும் செம்மண் பாதையின் கடைசியில் வக்கீல் கண்ணப்பனின் குதிரை லாயம் இருக்கிறது. பதினோரு குதிரைகள், ஒரு மணல் திடல், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. கொட்டகையின் பக்கத்தில் ஒரு வெள்ளை டிரெய்லர் நிற்கும். போட்டி நாட்களில் இரண்டு குதிரைகளை ஏற்றிக்கொண்டு ஜொகூர் பாருவுக்கோ அதற்கு அப்பாலோ போய் வரும். அந்த டிரெய்லரின் முன்பக்கம் ஒரு தடுப்பு போட்டு சின்ன அறை ஒன்று வைத்திருக்கிறார்கள். நடுவில் நின்று கைகளை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். சேணம், கடிவாளம், வார், பிரஷ் எல்லாம் அதற்குள்தான். எல்லோரும் அதைச் சேண அறை என்பார்கள். டிரெய்லர் ஓட்டும் செல்வா மட்டும் 'அக்காவோட கருவறை' என்பான்.

அக்கா என்றால் புஷ்பவள்ளி. ஐம்பத்திரண்டு வயது. ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் ஓர் அடுக்ககத்தின் நான்காவது மாடியில் இருக்கிறாள். கணவன் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. ஒரே மகன், தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான். அவள் குதிரையைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள் இல்லை. நாற்பத்தைந்து வயது வரைக்கும் அய்யனார் கோயில் மண்குதிரைதான் அவள் கிட்டப் போய்ப் பார்த்த குதிரை.

அதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் தம்போயில் ஒரு தொழிற்சாலையில் இருந்தாள். கணினிக்குள் வைக்கிற தகடு செய்கிற இடம். தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி போட்டு, கண் மட்டும் தெரிய, தூசி நுழையாத அறைக்குள் வேலை. முகத்தில் பவுடர் கூடாது. ஊக்கு, ஹேர்பின், வளையல் கூடாது. ஒரு மயிரிழை விழுந்தால் அன்றைய தட்டு முழுவதும் குப்பைக்குப் போகும். அப்படி ஒரு இடத்தில் பத்தொன்பது வருடம் இருந்தவளுக்குச் சுத்தம் என்பது கையில் ஊறிப்போனது. தொழிற்சாலையை மூடிவிட்டு வேறு நாட்டுக்குப் போனார்கள். சாமான் எல்லாம் போயிற்று, பெண்கள் மட்டும் நின்றார்கள்.

செல்வாவும் தம்போய்க்காரன்தான். அவன் சொல்லி லாயத்துக்கு வந்தாள். முதலில் கொட்டகை கழுவுகிற வேலை. மூன்றாம் மாதம் கண்ணப்பன் அவளிடம் சேண அறைச் சாவியைக் கொடுத்தார். காரணம், அவள் கேட்காமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அறையின் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்து, அடியில் இருந்த பூஞ்சையைக் காட்டி, "இதுக்கு மேல சேணத்த வச்சு என்ன சார் புண்ணியம்?" என்று கேட்டுவிட்டாள்.

ஜொகூரில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் தோலில் பச்சை பூத்துவிடும். குதிரையின் வியர்வை உப்பு காய்ந்தால் வார் வெடிக்கும். புஷ்பவள்ளி ஒவ்வொரு நாளும் ஈரத்துணியால் துடைத்து, சவுக்காரம் போட்டு, காய்ந்தபின் எண்ணெயைத் தொட்டும் தொடாமலும் தடவுவாள். எண்ணெய் அதிகமானால் தோல் தொய்ந்துபோகும் என்பது அவள் ஒரு கடிவாளத்தைக் கெடுத்துக் கற்றுக்கொண்ட பாடம். ஒவ்வொரு குதிரைக்கும் தனி பிரஷ், தனித் துணி. ஒன்றின் தோல்படை இன்னொன்றுக்கு ஒட்டக் கூடாது. மூலைக்கு மூலை அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து தொங்கவிட்டிருப்பாள், ஈரத்தை இழுக்க. செருப்பு வாசலோடு சரி. உள்ளே சாப்பாடு கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, பின், ஊக்கு, கம்பித்துண்டு, ஆணி, எதுவும் வாசல் தாண்டக் கூடாது.

"மனுசனுக்குச் செருப்புல கல்லு மாட்டினா கழட்டி உதறிக்கலாம். குதிரைக்குக் கையா இருக்கு?" என்பாள்.

அவள் கையில் ஒரு காந்தம் இருந்தது. வீட்டில் கெட்டுப்போன ஸ்பீக்கரைப் பிரித்து மகன் எடுத்துக் கொடுத்தது. வட்டமாக, கனமாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும். ஓட்டைக்குள் திரைச்சீலைக் கயிற்றைக் கோத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தோறும் சேணத்துக்கு அடியில் போடுகிற மெத்தைகள், விரிப்பு, பெட்டிகள், எல்லாவற்றின் மேலும் அதை இரண்டு தடவை ஓட்டுவாள். ஒரு தடவை ஓட்டினால் தவறும், இரண்டாவது தடவையில் சிக்கும் என்பது தொழிற்சாலைக் கணக்கு. ஏழு வருடத்தில் லாடத்து ஆணிகள் சில, கம்பி நறுக்குகள் சில அகப்பட்டன. ஒரு ஊக்கும் அகப்பட்டது.

அந்த ஊக்கு ஷர்மினியுடையது. ஷர்மினி உலு திராம் பெண், அப்போது இருபத்தொன்பது வயது, புஷ்பவள்ளிக்குக் கீழே வேலை செய்தவள். கைவேகம் உள்ளவள். குதிரையும் அவளிடம் முரண்டு பிடிக்காது. ஒருநாள் சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது என்று ஊக்கு குத்தி வந்திருக்கிறாள். அது ஒரு மெத்தையின் மேல் விழுந்துவிட்டது. காந்தம் அதை 'டிக்' என்று இழுத்துக்கொண்டது. எந்தக் குதிரைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"தெரியாம விழுந்துருச்சு அக்கா."

புஷ்பவள்ளி காந்தத்திலிருந்து ஊக்கைப் பிடுங்கிக்கொண்டாள். நேரே கண்ணப்பனிடம் போனாள். "தெரியாம விழுந்துச்சுன்னு சொல்றவங்களுக்கு அந்த அறையில வேல இல்ல சார். ஒன்னு அவங்க இருக்கட்டும், இல்ல நான்."

ஷர்மினி அன்று மாலையே போய்விட்டாள். பிறகு டவுனில் ஒரு டோபிக் கடையில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்வி. செல்வா ஒரு மாதம் வரைக்கும் புஷ்பவள்ளியிடம் சரியாகப் பேசவில்லை. அவள் அதற்காக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. நல்லது செய்தோம் என்றுதான் நினைத்தாள். சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இனி பிந்தாங் கதைக்கு வர வேண்டும். பிந்தாங் என்றால் மலாயில் நட்சத்திரம். பழுப்புக் குதிரை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பந்தயத்தில் ஓடி, ஓட முடியாமல் போனபின் கண்ணப்பன் வாங்கி வந்தார். வந்த முதல் மாதமே பயிற்சியாளரைத் தூக்கி எறிந்தது. குடை விரித்தால் மிரளும், பிளாஸ்டிக் பை பறந்தால் மிரளும். அதை வழிக்குக் கொண்டுவந்தவள் கண்ணப்பனின் மகள் லக்ஷ்மிப்ரியா. பதினேழு வயது. பள்ளி விட்டதும் தினமும் வந்து, மூன்று மாதம் அதன் மேல் ஏறாமலே பக்கத்தில் நடந்திருக்கிறாள். அப்புறம்தான் ஏறினாள். அதன்பிறகு அது அவளைக் கீழே விட்டதே இல்லை. புஷ்பவள்ளியிடமும் அதற்கு ஒரு ஒட்டுதல். சேண அறை வாசலில் வந்து தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அவள் எங்கே நடந்தாலும் கயிறு இல்லாமலே பின்னால் வரும். "போ அந்தப் பக்கம், எண்ணெய்க் கையி," என்று விரட்டுவாள். விரட்டுகிற குரலில் அவ்வளவு பாசம் இருக்கும்.

லாயத்தில் ஆயுத பூஜையை ஒரு வருடமும் விட்டதில்லை. கண்ணப்பன் குடும்பத்தில் எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டார்கள். சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, டிரெய்லர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சேண அறைக்குள் மாவிலைத் தோரணம் கட்டிப் படைப்பார்கள். போன வருடப் பூஜை ஒரு புதன்கிழமை வந்தது. அதே வாரம் சனிக்கிழமை தடைதாண்டும் போட்டி.

புஷ்பவள்ளி திங்களும் செவ்வாயும் அந்த அறையைக் கழுவினாள். சுவர், கொக்கி, கதவின் கீல் வரைக்கும் பல் துலக்குகிற பிரஷால் தேய்த்தாள். போட்டிக்கு மட்டும் எடுக்கிற வெள்ளை ஆட்டுரோம மெத்தையையும் அலசி, குதிரை முதுகில் படும் ரோமப் பக்கம் மேலே இருக்கும்படி அறைக்குள் இருந்த கம்பியில் போட்டுக் காயவைத்தாள். புதன்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வழக்கமாகத் தோரணத்து இலைகளைக் கயிற்றில் மடித்துத் தென்னை ஈர்க்கால் குத்துவாள். அது அரைமணி நேர வேலை. ஈர்க்கு நனைந்துபோய் ஒடிந்துகொண்டே இருந்தது. கண்ணப்பன் வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள், தேங்காய் உடைக்க நேரம் ஆகிவிட்டது.

செல்வா அலுவலக மேசையிலிருந்து ஸ்டேப்ளரைக் கொண்டு வந்து நீட்டினான். "இதுல அடிங்கக்கா. ரெண்டு நிமிஷ வேலலா."

கயிறு ஏற்கெனவே அறைக்குள் கட்டியாகிவிட்டது. அவள் ஸ்டேப்ளரை வாங்கிக்கொண்டு வாசல் தாண்டினாள். அவள் விதி அவளுக்கு நினைவு வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது. சாமி காரியம்தானே, இலையோடு சேர்ந்து கடித்துக்கொள்ளும் பின்தானே என்று மனசு சமாதானம் சொல்லிக்கொண்டது. டக் டக் என்று இலைகளை அடித்தாள். இரண்டு முறை ஸ்டேப்ளர் சிக்கிக்கொண்டது. அதைத் தட்டி மறுபடி அடித்தாள். தோரணம் அழகாக அமைந்தது. கண்ணப்பன்கூடப் பாராட்டினார். தோரணத்துக்கு நேர்கீழே வெள்ளை மெத்தை காய்ந்துகொண்டிருந்தது.

பூஜைக்கு வைத்ததை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது, அதனால் வியாழன் காலை மறுபூஜை முடிந்துதான் அறையைத் திறந்தார்கள். வெள்ளிக்கிழமை காந்த நாள். அவள் காந்தத்தைக் கையில் எடுக்கத்தான் செய்தாள். சந்தனப் பொட்டோடு இருந்த சேணங்களைப் பார்த்தாள். இரண்டு நாள் தேய்த்துக் கழுவி, சாமிக்குப் படைத்து எடுத்த இடம். இதற்கு மேல் என்ன சுத்தம் என்று தோன்றியது. படைத்ததைச் சந்தேகப்பட்டுத் துழாவுவது தெய்வகுற்றம் மாதிரியும் பட்டது. காந்தத்தைக் கொக்கியில் மாட்டிவிட்டாள்.

சனிக்கிழமை பிந்தாங் மூன்றாவது தடையைத் தாண்டி இறங்கியது. லக்ஷ்மிப்ரியாவின் முழு எடையும் சேணத்தில் உட்கார்ந்த அந்த நொடியில் குதிரை முதுகை வளைத்து எகிறியது. ஒருமுறை, இரண்டுமுறை. மூன்றாவது எகிறலில் பெண் தடைக்கட்டையின் மேல் போய் விழுந்தாள். தோள்பட்டை எலும்பும் இரண்டு விலா எலும்பும் முறிந்தன. பிந்தாங் திடலின் ஓரத்துக்கு ஓடி வேலியில் உரசிக்கொண்டு நடுங்கியது. யாரோ சேணத்தை அவிழ்த்தார்கள், யாரோ மெத்தையைச் சுருட்டிப் பையில் திணித்தார்கள். முதுகில் சின்னதாக இரத்தம் இருந்தது. வேலியில் கிழித்துக்கொண்டது என்றார்கள்.

லக்ஷ்மிப்ரியா ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் ஒன்றுதான் சொன்னாளாம். "அது என்னைத் தள்ளிவிட்டுச்சுப்பா." வலியைவிட அதற்குத்தான் அழுதிருக்கிறாள்.

அடுத்த வியாழன் காலை கண்ணப்பன் லாயத்துக்கு வந்தார். குதிரையைக் கொடுத்துவிடுவதாக முடிவு செய்துவிட்டார். வடக்கே ஒரு வியாபாரி எடுத்துக்கொள்கிறானாம், சனிக்கிழமை காலை லாரி வரும். ஆளைத் தள்ளுகிற குதிரையை வியாபாரி வாங்கி எங்கே அனுப்புவான் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஓரளவு தெரியும்.

சனிக்கிழமை அவசரத்தில் கண்ணப்பனின் காரிலேயே போய்விட்ட போட்டிப் பையை அன்று மத்தியானம்தான் புஷ்பவள்ளி பிரித்தாள். மெத்தையை எடுத்து உதறிக் கம்பியில் போட்டாள். வெள்ளிக்கிழமை விட்டதைச் சேர்த்து ஓட்டிவிடலாம் என்று காந்தத்தை எடுத்தாள். முதல் தடவையில் ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை, முதுகெலும்புக்கு இடதுபக்கம் உட்காரும் இடத்தில், 'டிக்'.

ஒரு கால் மடங்கி ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்த ஸ்டேப்ளர் பின். நீட்டிய முனையில் இரத்தம் பழுப்பாகக் காய்ந்திருந்தது. அதில் இரண்டு மூன்று பழுப்பு ரோமம் ஒட்டியிருந்தது.

அவள் மேலே பார்த்தாள். வாடிப்போன தோரணம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு இறங்கிப் போய்ப் பிந்தாங்கின் முதுகில் உள்ளங்கையை வைத்து மெல்ல நகர்த்தினாள். இடதுபக்கம் மிளகளவு ஒரு பொருக்கு. அதில் விரல் பட்டதும் குதிரையின் தோல் சிலிர்த்து நடுங்கியது. ஆனால் விலகவில்லை, கையை நம்பி அப்படியே நின்றது.

பின்னை ஒரு காலித் தைல டப்பாவில் போட்டுக்கொண்டாள். நேரே கண்ணப்பனுக்குப் போன் செய்திருந்தால் அவளைப் பற்றி இங்கே நல்லவிதமாகவே எழுதி முடித்திருக்கலாம். அவள் செய்யவில்லை. செல்வாவின் காரில் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் செல்வா, "ரேஸ் குதிர புத்தி எங்கக்கா போகும்? ஏத்திவிட்டா ஒரு கவல விட்டுச்சு," என்று பேசிக்கொண்டு வந்தான். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஆமா," என்றாள்.

பயம்தான். வேலை போகும் என்ற பயம் பாதி. மீதிப் பாதிக்கு ஷர்மினி என்று பெயர்.

வெள்ளிக்கிழமையும் சொல்லவில்லை. அன்று கண்ணப்பன் சேண அறை வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார், அவருக்கும் அந்த விதி உண்டு. "உங்க வேலையில ஒரு குறையும் இல்ல புஷ்பா. சேணம், வார் எல்லாம் நானே பாத்துட்டேன். குதிரைதான் சரியில்ல. நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க," என்றார். அவள் துணியைப் பிழிந்தபடி தலையாட்டினாள். திட்டியிருந்தால்கூட அன்று அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லாரி வந்தது. கண்ணப்பனின் காரும் வந்தது. பின் இருக்கையில் லக்ஷ்மிப்ரியா, கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில். கடைசியாக ஒருமுறை பார்க்கவேண்டும் என்று வந்திருக்கிறாள். ஆனால் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி வைத்திருந்தாள்.

பிந்தாங் லாரியில் ஏற மறுத்தது. சாய்பலகையின் முன்னால் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. செல்வா இழுத்தான். லாரிக்காரரும் சேர்ந்து இழுத்தார். கழுத்து நரம்பு புடைக்கப் பின்வாங்கியது. லாரிக்காரர் வண்டிக்குள்ளிருந்து ஒரு பிரம்பை எடுத்தார்.

கண்ணப்பன் திரும்பிப் பார்த்தார். "புஷ்பா, நீங்க முன்னாடி நடங்க. உங்க பின்னாலன்னா வரும்."

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். கயிற்றைச் செல்வாவிடமிருந்து வாங்கினாள். அதை இழுக்கவே இல்லை, தளர்வாகப் பிடித்துக்கொண்டு சாய்பலகையில் காலெடுத்து வைத்தாள். பின்னால் குளம்புச் சத்தம் பலகையில் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. தினமும் சேண அறை வாசலுக்கு வந்த அதே நடை. அதன் மூச்சு அவள் பிடரியில் சூடாகப் பட்டது. எங்கே போகிறோம் என்று அது கேட்கவில்லை.

பாதிப் பலகையில் புஷ்பவள்ளி நின்றுவிட்டாள்.

"என்னக்கா?" என்றான் செல்வா.

அவள் குதிரையை ஒதுக்கித் திருப்பிக் கீழே கொண்டு வந்தாள். கயிற்றை விடாமலே கால்சட்டைப் பையிலிருந்து தைல டப்பாவை எடுத்துக் கண்ணப்பனிடம் நீட்டினாள்.

"குதிர மேல தப்பில்ல சார். என் தப்பு. தோரணத்துக்கு நான் அடிச்ச பின்னு. போட்டி மெத்தையில விழுந்து கெடந்திருக்கு. வெள்ளிக்கெழம காந்தம் ஓட்டியிருந்தா கெடச்சிருக்கும். பூஜை போட்ட எடம்தானேன்னு ஓட்டல. பாப்பா உக்காந்ததும் குத்தியிருக்கு. குத்தினதாலதான் துள்ளுச்சு."

கண்ணப்பன் டப்பாவைத் திறந்து பார்த்தார். "எப்பத் தெரிஞ்சது உங்களுக்கு?"

"வியாழக்கெழம."

"நேத்து நான் உங்க வாசல்ல வந்து நின்னேன்."

"ஆமா சார்."

அவர் முகம் சிவந்தது. கோபக்காரர் இல்லை, ஆனால் கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும் மனிதர். "எம் பொண்ணு ஒரு வாரமா தூங்கல. வலியில இல்ல. இந்தக் குதிர ஏன் இப்படிப் பண்ணுச்சுன்னு. நீங்க பையில பதில வச்சிக்கிட்டு இருந்திருக்கீங்க."

தெரியாமல் விழுந்துவிட்டது என்ற சொல் புஷ்பவள்ளியின் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினாள்.

கார்க் கதவு திறந்தது. லக்ஷ்மிப்ரியா ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். "எங்க ஆண்டி? காட்டுங்க."

புஷ்பவள்ளி அவளுடைய நல்ல கையைப் பிடித்துக் குதிரையின் முதுகில் வைத்தாள், இடதுபக்கம், அந்தப் பொருக்கின் மேல். தோல் சிலிர்த்தது. பெண் கையை எடுக்கவில்லை. பிந்தாங் தலையைத் திருப்பி அவளுடைய தூளியை முகர்ந்தது.

"வலிச்சதால பண்ணுச்சு," என்றாள் லக்ஷ்மிப்ரியா. "என்னைத் தள்ளணும்னு பண்ணல." சொல்லிவிட்டு அதன் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் திருப்பாமலே கேட்டாள். "ஏன் ஆண்டி முன்னாடியே சொல்லல?"

"பயம்மா," என்றாள் புஷ்பவள்ளி. அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

லாரிக்காரர் மலாயில் குதிரை வருகிறதா இல்லையா என்று கேட்டார். இல்லை என்று கண்ணப்பன் சொன்னார். அவருக்கு வந்த செலவைக் கொடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுப் புஷ்பவள்ளியைப் பார்த்தார்.

"ஷர்மினி பத்தி என்கிட்ட வந்து என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"அத நான் உங்களப் பாத்துச் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல வேணாம் சார்," என்றாள். தன் கழுத்தில் மாட்டியிருந்த கயிற்றிலிருந்து சேண அறைச் சாவியை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது, நேரம் பிடித்தது. யாரும் உதவிக்கு வரவில்லை, வரவும் கூடாது என்றுதான் அவளுக்கு இருந்தது. சாவியை அவர் கையில் வைத்தாள். "கொட்டக கழுவ ஆள் பத்தல. அங்க வேணும்னா இருக்கேன். வேணாம்னா போறேன்."

கண்ணப்பன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். "திங்கக்கெழமலேர்ந்து கொட்டக," என்றார்.

அன்று மாலை செல்வாவின் காரில் வீடுவரை போகாமல் அவள் உலு திராம் டவுனிலேயே இறங்கிக்கொண்டு டோபிக் கடைகளைத் தேடினாள். மூன்றாவது கடையில் ஷர்மினி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். புஷ்பவள்ளியைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

புஷ்பவள்ளி நடந்ததை எல்லாம் சொன்னாள். ஸ்டேப்ளர், தோரணம், மெத்தை, இரண்டு நாள் வாய் திறக்காதது. ஒன்றையும் குறைக்கவில்லை. "உன்னோட ஊக்கு யாரையும் குத்தல. உன்ன நான் அனுப்பிட்டேன். என்னோடது குத்துச்சு," என்று முடித்தாள். சலவை இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. ஷர்மினி திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டட்டும் என்றும் நினைத்தாள்.

ஷர்மினி கேட்டது வேறு. "பிந்தாங் எப்படி இருக்கு?"

"இருக்கு. போகல."

"முதுகு?"

"காஞ்சிருச்சு."

ஷர்மினி மறுபடி ஒரு துணியை எடுத்து மடித்தாள். "நான் அன்னிக்கு ரொம்ப அழுதேன் அக்கா. அது உங்களுக்குத் தெரியணும்."

"தெரியும்னு பொய் சொல்ல மாட்டேன்மா. இப்பத்தான் தெரியுது." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "சாவி சார்கிட்ட இருக்கு. அந்த அறைக்கு உன்ன விட்டா ஆள் இல்லன்னு நான் கெளம்பும்போது அவர்கிட்ட சொல்லியிருக்கேன். வர்றதும் வராததும் உன் இஷ்டம்."

ஷர்மினி உடனே வரவில்லை. மூன்று வாரம் கழித்து வந்தாள். அந்த மூன்று வாரமும் கண்ணப்பன் சேண அறையைத் தானே திறந்து தானே பூட்டினார். புஷ்பவள்ளி கொட்டகையில் சாணி அள்ளினாள், தரை கழுவினாள். பிந்தாங் தன் தடுப்பிலிருந்து தலையை நீட்டி அவள் கொண்டையை முகரும். "போ அந்தப் பக்கம்," என்பாள். குரலில் பழைய அதட்டல் இல்லை.

ஜனவரியில் லக்ஷ்மிப்ரியா மறுபடி குதிரை ஏறினாள். அன்று காலை அலசிக் காய்ந்த மெத்தைகளைப் புஷ்பவள்ளி கொட்டகையிலிருந்து டிரெய்லருக்குத் தூக்கிக்கொண்டு போனாள். செருப்பை வாசலில் விட்டாள். ஆனால் படி ஏறவில்லை.

உள்ளேயிருந்து ஷர்மினி காந்தத்தோடு வந்தாள். வெள்ளை மெத்தையை வாங்கிக் கம்பியில் போட்டாள். திரும்பிப் புஷ்பவள்ளியைப் பார்த்து, "கைய நீட்டுங்கக்கா," என்றாள்.

புஷ்பவள்ளி இரண்டு கையையும் நீட்டினாள். ஷர்மினி காந்தத்தை அவளுடைய சட்டைக் கை, பொத்தான் வரிசை, கால்சட்டைப் பை என்று ஓட்டினாள். சத்தம் ஒன்றும் வரவில்லை. காந்தத்தை இறக்கிவிடுவாள் என்று பார்த்தால், கழுத்திலிருந்து ஆரம்பித்து இன்னொரு தடவை ஓட்டினாள். பின்னால் மணல் திடலில் பிந்தாங் ஒரே சீராக ஓடுகிற சத்தம் கேட்டது. புஷ்பவள்ளி கையை மடக்காமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் சோதிக்க வேண்டும் என்று அவள் மனசு சொன்னது.